ஹோட்டல் இழுப்பறையில் பைபிளை வைப்பது யார், அதையே பள்ளியில் கொடுத்தால் என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. வேலைக்காகத் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, வீடு அமையும்வரை கடற்கரையோர ஹோட்டலில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது கட்டில் பக்கத்து இழுப்பறையில் ஒரு பைபிள் இருந்தது, யார் வைக்கிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஹோட்டல்காரர் கிறிஸ்தவரா என்பது முதலாவது. அப்புறம் மகளைப் பள்ளியில் சேர்த்த கொஞ்ச நாளில் யாரோ வந்து கையடக்கப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இது மதமாற்றம் இல்லையா, புகார் கொடுக்கலாமா என்பது இரண்டாவது. கடைசியாக "நம்ம ஆளுங்க ஏன் இப்படி எதுவும் செய்யறதில்ல" என்று ஒரு வரி. அது கேள்வியா ஆதங்கமா தெரியவில்லை, இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன், படித்தது ஹோட்டல் மேனேஜ்மென்ட், வேலை முழுக்க டர்பனில்தான், அதுவும் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் பக்கம். கட்டிக்கொண்டது இங்கே இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண்ணை. வீட்டில் தைப்பூசமும் உண்டு, சின்ன மாமியார் வீட்டு கிறிஸ்துமஸ் விருந்தும் உண்டு. அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன், மூன்றாவதாக அறையைப் பெருக்குகிறவர்கள் பக்கமிருந்தும்.

முதல் கேள்வி சுலபம். அந்தப் பைபிளை வைப்பது ஹோட்டல் இல்லை, கிதியோன்கள் என்ற அமைப்பு. புத்தகத்தின் அட்டையில் ஒரு குடமும் தீப்பந்தமும் சேர்ந்த சின்னம் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் கிதியோன் என்று ஒருவன் வருகிறான், முப்பத்திரண்டாயிரம் பேரில் முந்நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, குடத்துக்குள் தீப்பந்தத்தை ஒளித்துக்கொண்டு போய் எதிரிப் பாளையத்தைக் கலைத்தவன். அந்தக் கதையிலிருந்து எடுத்த பெயர், எடுத்த சின்னம்.

ஆரம்பித்தவர்கள் பாஸ்டர்கள் இல்லை, ஊர் ஊராகச் சரக்கு விற்கப் போகும் விற்பனை ஆட்கள். 1898 செப்டம்பரில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் பாஸ்கோபெல் என்ற சின்ன ஊரில் ஹோட்டல் நிரம்பிவிட்டதால், ஜான் நிக்கல்சன், சாமுவேல் ஹில் என்ற முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே அறையில் படுக்கச் சொன்னார்கள். அறை எண் 19. ராத்திரி படுக்கும் முன் ஒருவர் பைபிளை எடுக்க, மற்றவரும் அதே கட்சி என்று தெரிந்தது. அடுத்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி ஜேன்ஸ்வில் என்ற ஊரில் கூட்டம் போட்டபோது வந்தது மூன்றே பேர், மூன்றாமவர் வில்லியம் நைட்ஸ். முதலில் நினைத்ததெல்லாம் ஊர்சுற்றும் கிறிஸ்தவ விற்பனையாளர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்பதுதான். ஹோட்டல் ரிசப்ஷனில் ஒரு பைபிள் வைக்கலாமே என்ற யோசனை பிறகு வந்தது, அது வளர்ந்து ஒவ்வொரு அறைக்கும் ஒன்று என்று ஆனது. 1908இல் மொன்டானாவில் சுப்பீரியர் என்ற ஹோட்டலில் 25 பைபிள்களோடு தொடங்கினார்கள். முதல் நூறு கோடிப் பிரதி தொடுவதற்கு 2001 வரை ஆனது, இரண்டாவது நூறு கோடி 2015லேயே முடிந்துவிட்டது. இந்தக் கணக்கில் ஹோட்டல் பைபிள் ஒரு சிறு பங்குதான், மீதி எல்லாம் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, சிறை, ராணுவம் என்று கைக்குக் கை போன சின்னப் புத்தகங்கள். எங்கள் ஊரில் கல்லூரி வாசலில் நின்று தமிழில் புதிய ஏற்பாடு கொடுத்தவர்களும் இவர்களேதான், திருச்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இவர்களை யெகோவாவின் சாட்சிகளோடும் மோர்மன்களோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள், நம் ஆட்கள் பலர் மூன்றையும் ஒரே கூட்டம் என்று நினைக்கிறார்கள். கடைத்தெரு மூலையில் சின்னத் தள்ளுவண்டியில் பத்திரிகை அடுக்கி வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பவர்கள் யெகோவாவின் சாட்சிகள். மேரியட் குழும ஹோட்டல்களில் பைபிளோடு மோர்மன் புத்தகமும் கிடக்கும், ஏனென்றால் அந்தக் குடும்பம் மோர்மன் குடும்பம். கிதியோன்கள் சர்ச்சும் இல்லை. ஏற்கெனவே ஏதோ ஒரு புராட்டஸ்டன்ட் சர்ச்சில் இருக்கும் வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள், ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து செய்யும் வேலை. பாஸ்டர்கள் உறுப்பினராக முடியாது என்பது அவர்கள் விதி. மனைவிமாருக்குத் தனியாக ஒரு துணை அணி உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். "வெளிநாட்டுப் பணம்" என்று எழுதியிருந்த தொனி எனக்குப் புரிந்தது. உறுப்பினர்கள் கட்டும் சந்தாவிலும் சர்ச்சுகளில் எடுக்கும் காணிக்கையிலும் நடக்கிறது. ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வந்து ஐந்து பத்து நிமிஷம் பேசுவார்கள், சிறையில் ஒருவன் படித்தான், தற்கொலைக்குப் போனவள் ஹோட்டலில் படித்தாள் என்று ஒரு சாட்சி சொல்வார்கள், வாசலில் காணிக்கைப் பெட்டியோடு நிற்பார்கள். இழவு வீட்டுக்கு மாலைக்குப் பதிலாக, இறந்தவர் பெயரில் இத்தனை பைபிள் கொடுக்கப்பட்டது என்று ஒரு அட்டை அனுப்பும் வழக்கமும் உண்டு. என் சின்ன மாமனார் இறந்தபோது அப்படி ஒரு அட்டை வந்து, இன்னமும் அந்த வீட்டு ஷோகேஸில் பீங்கான் யானைக்குப் பின்னால் நிற்கிறது.

ஹோட்டலில் எப்படி நடக்கிறது என்றால், அந்தந்த ஊர்க் கிளையிலிருந்து இரண்டு பேர், டை கட்டிக்கொண்டு, ஜெனரல் மேனேஜரைப் பார்க்க நேரம் கேட்டு வருவார்கள். ஹோட்டலுக்குச் செலவு சல்லிக்காசு கிடையாது. சம்மதித்தால் அட்டைப்பெட்டிகளில் புத்தகம் வந்து இறங்கும். மேனேஜருக்குக் கையில் ஒன்று கொடுத்து, அவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒரு சிறு ஜெபம், கை குலுக்கல், அவ்வளவுதான். அறை அறையாக வைப்பது எங்கள் வேலை. எங்கள் மாடிப் பட்டியலில் சலவைப் பை, ஹேர் ட்ரையர், ஹேங்கர் எண்ணிக்கை என்ற வரிசையில் அதுவும் ஒரு பெயர். ஹோட்டல் முதலாளி குஜராத்தி முஸ்லிமாகவும் இருக்கலாம், ஜோஹன்னஸ்பர்க் யூதராகவும் இருக்கலாம், பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியாகவும் இருக்கலாம். ஷூ பாலிஷ் துணிக்கு என்ன மதமோ அதே மதம்தான் இந்த விஷயத்தில் ஹோட்டலுக்கு.

ஆனால் பெருக்கித் துடைக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் மாடியில் வேலை பார்த்த ஜூலு அம்மாக்களில் பெரும்பாலோர் சர்ச் மனிதர்கள், சிலர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஷெம்பே என்ற ஜூலு மக்களின் சபை வழிபாட்டுக்குப் போகிறவர்கள். இழுப்பறையைத் துடைக்க பைபிளை எடுத்தால் தரையில் வைக்க மாட்டார்கள், தலையணை மேல்தான் வைப்பார்கள். கட்டில் இன்னும் விரிக்காமல் கிடந்தால் தோள்பட்டைக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோமே, அதைச் சொன்னபோது அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

எடுத்துக்கொண்டு போகலாமா? போகலாம். துண்டை எடுத்தால்தான் பில்லில் ஏறும், பைபிளை எடுத்தால் கிதியோன்களுக்கே சந்தோஷம், அடுத்த முறை கிளைக்குச் சொன்னால் வேறு ஒன்று வந்துவிடும். கண்ணில் படுவதே பிடிக்கவில்லை என்றாலும் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போதும், ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹோட்டலில் ஒரு பைபிளின் ஆயுள் சுமார் ஆறு வருஷம் என்பது கிதியோன்கள் சொல்லும் கணக்கு. காணாமல் போவதைவிடக் கெட்டுப்போவதுதான் அதிகம். காபி கொட்டியிருக்கும், கட்டிலின் ஆடும் காலுக்கு முட்டு கொடுத்திருப்பார்கள், நடுப் பக்கங்கள் கிழிந்திருக்கும். கிழிந்ததற்குக் காரணம் ரொம்ப ஆன்மிகமானது இல்லை. அந்த மெல்லிய தாள் புகையிலை சுருட்டத் தோதானது, வேறு சிலதும் சுருட்டலாம், சிறைக்குப் புத்தகம் கொண்டுபோகிறவர்களைக் கேட்டால் அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. சங்கீதம் 121க்குப் பக்கத்தில் ஒரு தேதியும் "அட்டிங்டன், ஆபரேஷன், அம்மா" என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு பிரதியை நாங்கள் ரொம்ப நாள் மாற்றாமலேயே விட்டிருந்தோம். அட்டிங்டன் கடற்கரையோரத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி, வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் எங்களிடம் தங்குவார்கள்.

உலக அளவில் இது குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஹோட்டல்களில் எஸ்டிஆர் என்ற நிறுவனம் எடுத்த கணக்கில் அறைகளில் மதநூல் வைத்திருந்த ஹோட்டல்கள் 2006இல் 95 சதவீதம், 2016இல் 79. பிரிட்டனில் டிராவலாட்ஜ் 2014இல் அறைகளிலிருந்து எடுத்து ரிசப்ஷனில் வைத்தது, கேட்டால் கொடுப்பார்கள். இங்கும் புதிதாகக் கட்டும் சின்ன ஸ்டைல் ஹோட்டல்களில் இழுப்பறையே இருப்பதில்லை, அப்புறம் எங்கே வைப்பது?

சரி, இரண்டாவது கேள்வி. இதில்தான் உங்கள் கோபம் இருக்கிறது, அதில் பாதி நியாயம்.

ஹோட்டல் இழுப்பறையில் இருப்பது தண்ணீர்ப்பந்தல் மாதிரி, தாகமிருந்தால் குடிக்கலாம், இல்லையென்றால் நடந்துகொண்டே இருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. வகுப்பறையில் அப்படி இல்லை. பத்து வயசுப் பிள்ளை, எதிரே டீச்சர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் கை நீட்டுகிறார்கள், அதில் இவள் மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வாங்கத்தான் செய்வாள். அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இயேசுவை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தீர்மானம் அச்சிட்டிருக்கும், கீழே பெயர் எழுத ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. பெரியவர்கள் கையெழுத்துப் போடட்டும், அது அவர்கள் பாடு. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அப்படி ஒரு பக்கத்தைக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கொடுப்பவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும். இதே பக்கத்தை வேறு மதத்தார் அச்சிட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் கொடுத்தால் என் சின்ன மாமியாரும் ஒத்துக்கொள்ள மாட்டார், கேட்டும் பார்த்துவிட்டேன்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1996ஆம் வருஷ அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மத சுதந்திரத்தைக் கொடுக்கிறது, அதே பிரிவே அரசுப் பள்ளி மாதிரி இடங்களில் வழிபாடு நடத்தவும் அனுமதிக்கிறது. முறையான விதிகளின்படி நடக்க வேண்டும், எல்லா மதத்துக்கும் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும், கலந்துகொள்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும், இவை நிபந்தனை. அதே வருஷத்துப் பள்ளிச் சட்டம் அந்த விதிகளை எழுதும் பொறுப்பைப் பள்ளியின் ஆட்சிக் குழுவிடம் கொடுக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. காதர் அஸ்மால் கல்வி அமைச்சராக இருந்தபோது 2003இல் வந்த கொள்கை, மதங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது வேறு, ஒரு மதத்தின் நம்பிக்கையை ஊட்டுவது வேறு என்று பிரித்து, இரண்டாவதற்கு அரசுப் பள்ளியின் பாடவேளையில் இடமில்லை என்றது. 2017இல் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஆறு பள்ளிகள் சம்பந்தப்பட்ட வழக்கில், அரசுப் பள்ளி எதுவும் தன்னை ஒரே மதத்துக்கு உரியதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பள்ளிகள் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக் கிறிஸ்தவப் பாரம்பரியத்தில் வந்தவை, வழக்குப் போட்ட அமைப்பும் ஆப்பிரிக்கான்ஸ் பெயர் கொண்டதுதான். கவனியுங்கள், இது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த சண்டை இல்லை.

நம் தமிழர்களுக்கு இதில் ஒரு பங்கும் உண்டு. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்த மாணவியை எடுக்கச் சொன்னார்கள், தாயார் விடவில்லை, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. பிள்ளை வழக்கு என்று இங்கே எல்லாச் சட்ட மாணவர்களும் படிப்பது அதைத்தான். 2007இல் வந்த தீர்ப்பு, தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்தில் மூக்குத்திக்கு ஒரு இடம் இருக்கிறது, பள்ளி அதற்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றது. மதத்தைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லவில்லை, எல்லாரும் அவரவருடையதோடு வரலாம் என்கிறது. ஆகவே "பள்ளிக்குள் பைபிளே வரக்கூடாது" என்று போய் நின்றீர்களானால் தோற்றுப்போவீர்கள், மூக்குத்திக்குக் கிடைத்த அதே உரிமைதான் எதிரே வந்து நிற்கும். கிதியோன்கள் பிறந்த நாட்டிலே விஷயம் இன்னும் கறாரானது. 1953இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளி வழியாக அவர்களுடைய புத்தகத்தைக் கொடுப்பது அரசு ஒரு மதத்துக்குச் சலுகை காட்டுவது என்று தடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்கா போனது வேறு வழி.

ஆகையால் செய்ய வேண்டியது இது. முதலில் மகளிடம் ஆற அமர உட்கார்ந்து கேளுங்கள், எங்கே கொடுத்தார்கள்? வாசலுக்கு வெளியே நடைபாதையில் என்றால் பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பொது இடம், யாரும் எதையும் நீட்டலாம், வாங்காமலும் போகலாம். உள்ளே என்றால், வகுப்பு நேரத்திலா, இடைவேளையிலா, கொடுத்தது வந்தவர்களா டீச்சரா, வேண்டாதவர்கள் வாங்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? பிள்ளையைக் குற்றவாளி மாதிரி விசாரிக்காதீர்கள், புத்தகத்தைப் பிடுங்கிக் குப்பையில் போடாதீர்கள். போட்டால் அன்றைக்கே அது அவளுக்குச் சுவாரசியமான புத்தகமாகிவிடும். அடுத்து, பள்ளி அரசுப் பள்ளியா, சர்ச் நடத்தும் தனியார் பள்ளியா என்று பாருங்கள். தனியார் என்றால் சேர்க்கைப் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், சண்டை போட இடமில்லை. அரசுப் பள்ளி என்றால் ஆட்சிக் குழுத் தலைவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் ஒரே கடிதமாக எழுதுங்கள். பள்ளியின் மத வழிபாட்டு விதிகளின் பிரதி ஒன்று கேளுங்கள், வெளியார் மதநூல் கொடுக்க வந்தால் முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள், மேசையில் வைத்துவிட்டு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள், வேறு மதத்தார் இதே மாதிரி வர விரும்பினால் இதே வாய்ப்புத் தருவீர்களா என்றும் கேளுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அப்படிப் போட்டு, சாயங்காலத்துக்குள் பேச்சு பைபிளை விட்டு யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடவில்லை என்ற அளவுக்குப் போய்விட்டது.

புத்தகம் கொடுக்க வந்தவர்களிடமும் பாயாதீர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வயசானவர்கள், தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்ததால் வந்தவர்கள். பதில் சொல்ல வேண்டியவர் அனுமதி கொடுத்தவர்.

மதமாற்றம் என்ற வார்த்தைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2002இல் ஒரு சட்டம் வந்து பிறகு ஜெயலலிதாவே அதைத் திரும்பப் பெற்றாரே, அந்த மாதிரி எதுவும் இந்த நாட்டில் கிடையாது. அதற்காக இங்குள்ள தமிழர்களுக்குக் கவலை இல்லை என்று அர்த்தமில்லை, உங்களைவிட அதிகமாகவே இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்றைக்கு சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெந்தெகொஸ்தே சர்ச்சில் இருக்கிறார்கள். கோயில் கமிட்டிக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். 1930களிலிருந்து ரோலண்ட்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாஸ்டர் கட்டிய பெதஸ்தா சபை ஒரு பக்கம். அப்புறம் 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் மேகஸின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் ஜனங்களைக் கிளப்பிப் புது டவுன்ஷிப்பில் கொண்டுபோய்ப் போட்டபோது கூட்டுக் குடும்பம் உடைந்தது, பழகிய கோயில் பின்தங்கிப்போனது, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. அந்த நேரத்தில் கதவைத் தட்டி, புருஷன் குடிக்கிறானா, பிள்ளைக்குக் காய்ச்சலா, வா ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் சர்ச்சுக்காரர்கள். என் சின்ன மாமியார் சர்ச்சுக்குப் போனது ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் படுத்திருந்தபோது, நம் பக்கத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் பழம் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பக்கத்துக் கட்டில் பெண்ணின் சபையார் இவர் தலையையும் சேர்த்து வாரிவிட்டார்கள். அவர் வாயாலேயே கேட்டது இது. இழுப்பறையில் கிடந்த புத்தகத்தைப் படித்து மதம் மாறிய ஒரு தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கேயோ இருக்கலாம், கிதியோன்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நான் பார்த்தவர்கள் எல்லாரும் மனுஷர்களைப் பார்த்துப் போனவர்கள்.

இனி அந்த ஆதங்கம். நம்மவர்கள் செய்வதில்லை என்பது டர்பனில் சொல்லக்கூடிய வாக்கியமே இல்லை, இலவச மதநூலுக்கு இந்த ஊர் ஒரு தலைநகரம். அஹ்மத் தீதாத் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூரத்திலிருந்து சிறுவனாக வந்து, டர்பனுக்குத் தெற்கே ஆடம்ஸ் மிஷன் பக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். மிஷனில் படித்த இளம் போதகர்கள் கடைக்கு வந்து மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கேட்டு இவரை மடக்குவார்கள், அந்த எரிச்சலில் பைபிளை அவர்களைவிட அதிகமாகப் படித்தார். 1957இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய இஸ்லாமியப் பிரசார மையம் டர்பனிலிருந்துதான் உலகம் முழுக்கக் குர்ஆனையும் சின்னச் சின்னப் பிரசுரங்களையும் அனுப்பியது. இதைக் கேட்டால் நமக்கு யார் நினைவு வர வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அதே வேகத்தில் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் போட்டுச் சைவ நூல்களையும் கண்டனங்களையும் அடித்துத் தள்ளவில்லையா? இரண்டு பேருமே எதிராளியின் புத்தகத்தை நெருக்கமாகப் படித்த பிறகே பதில் அடித்தார்கள்.

இந்துக்கள் பக்கமும் சும்மா இல்லை. சாட்ஸ்வொர்த்தில் 1985இல் திறந்த ராதாநாத் கோயிலின் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் கீதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். 1949இல் இங்கே தொடங்கிய தெய்வ நெறிக் கழகம், சுவாமி சகஜானந்தர் காலத்திலிருந்து சிவானந்தர் நூல்களைச் சொந்த அச்சகத்தில் அடித்துப் பரப்பியிருக்கிறது, எங்கள் வீட்டிலேயே ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. 1937இல் குரு சுப்பிரமணிய சுவாமிகள் தொடங்கிய சைவ சித்தாந்த சங்கமும் கூட்டு வழிபாடு, தேவாரம் என்று தமிழர்களை ஒன்றாக உட்கார வைத்ததுதான். ஜப்பானியர்கள் கூட புத்தரின் போதனை என்ற நூலை உலகெங்கும் ஹோட்டல் இழுப்பறைகளில் வைக்கிறார்கள், யேஹான் நுமாத்தா என்ற தொழிலதிபர் 1965இல் தொடங்கிய அமைப்பு அது.

குறளையோ திருவாசகத்தையோ ஹோட்டலில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் செய்யலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, ஹோட்டல் முதலாளி சம்மதம் மட்டும் போதும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம், அதனால் ஆங்கிலம் சேர்ந்த பதிப்பாக இருக்க வேண்டும். பழைய ஆங்கிலக் குறள்களில் பேர்பெற்றது 1886இல் ஜி.யு. போப் செய்தது, அவரும் ஒரு மிஷனரி, என்ன செய்வது!

செய்வதானால் கிதியோன்களிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போங்கள், கோயில் ஊர்வலம் மாதிரிப் போகாதீர்கள். ரிசப்ஷனில் கேட்காதீர்கள், அங்கே இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, ஜெனரல் மேனேஜரிடம் நேரம் வாங்குங்கள். புத்தகம் இழுப்பறைக்குள் தட்டையாகக் கிடக்கிற அளவில் இருக்கட்டும், அட்டை ஈரத்துணியால் துடைத்தால் தாங்க வேண்டும், குங்குமம் சந்தனம் தடவிக் கொடுக்காதீர்கள், வெள்ளைத் துணியில் கறை பட்டால் அன்றைக்கே எல்லாம் ஸ்டோருக்குப் போய்விடும். பைபிளை எடுத்துவிட்டு எங்களுடையதை வையுங்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது, பக்கத்தில் வைக்கக் கேளுங்கள். கிழிந்தாலும் தொலைந்தாலும் மாற்றித் தருகிறோம் என்று ஒரு போன் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள், கூப்பிட்டால் எடுங்கள். முதல் முறை எல்லாரும் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், மாற்றித் தர வருகிறவர்கள் இல்லாமல்தான் இந்த வேலை நின்றுபோகும். போவதற்கு நல்ல நேரம் செவ்வாய் புதன் மதியம், செக்-அவுட் கூட்டம் ஓய்ந்த பிறகு. டிசம்பரில் போகாதீர்கள், அப்போது பாதி ஜோஹன்னஸ்பர்க் இங்கே கடற்கரையில் கிடக்கும், எந்த மேனேஜரும் உட்கார்ந்து பேச மாட்டார்.